காரீயமும் துத்தநாகமும் செம்பும் ஒரே பாறையில் சேர்ந்தது எப்படி? எப்போது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மேலூர் வேதியியல் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலச் செய்தி வந்த நாளிலிருந்து, 2025 ஜனவரியில் அது ரத்தாகும்வரை எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. பள்ளிப் பிள்ளைகள்கூட அரிட்டாபட்டிக்கு நடந்து போய்த் தமிழிக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பரபரப்பு அடங்கிவிட்டது, ஆனால் அவர்களுடைய கேள்விகள் அடங்கவில்லை. கேட்பதெல்லாம் தாதுவைப் பற்றித்தான்.

இரண்டு கேள்விகளுக்கு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. காரீயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி எல்லாம் ஒரே சுரங்கத்தில் கிடைப்பதாகப் பாடப்புத்தகத்தில் வருகிறது. "வெந்நீர்க் கரைசல்கள் கொண்டுவந்து சேர்த்தன" என்று ஒரு வரியும் இருக்கிறது. ஆனால் காரீய சல்பைடும் துத்தநாக சல்பைடும் நீரில் கரையாதவை என்று நானே கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். கரையாத பொருளை நீர் எப்படிச் சுமந்துவந்தது?

அடுத்தது வயது. கீழடியில் கரித்துண்டை வைத்துக் கி.மு. 580 என்று கணித்தார்கள். அதே முறையில் தாதுவுக்கும் வயது சொல்லலாமே என்கிறான் ஒரு மாணவன். கார்பன் முறை இங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியும். எது செல்லும் என்பதை யாராவது விளங்கும்படி எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாகமலை வாசி

டீச்சர், அந்த முரண்பாட்டை நீங்கள் கவனித்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு வருகிறவர்களில் பலர் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு கடந்துவிடுகிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தின் பெரும்பகுதி ராஜஸ்தானில் கழிந்தது. துளைபோட்டு எடுத்த உருளைக் கற்களை வெயிலில் வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் அடியாகப் பார்த்துக் குறித்துவைப்பதுதான் என் வேலை. இப்போது நாகமலைப் புதுக்கோட்டையில் ஓய்வாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கரும்பலகையில் எழுதுவது சரிதான். நல்ல தண்ணீரில் அந்த சல்பைடுகள் கரையா. ஆனால் பூமிக்குள் ஓடுவது நல்ல தண்ணீர் அல்ல. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய, 200 முதல் 350 டிகிரி வரை கொதித்துக் கிடக்கும் கரைசல் அது. மேலே அழுத்தும் பாறையின் பாரத்தால் அவ்வளவு சூட்டிலும் ஆவியாகாமல் நீராகவே இருக்கிறது. அந்தக் கரைசலில் குளோரைடு அயனிகள் ஏராளம். அவை உலோக அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் நடத்துகிறீர்களே, அதேதான். காரீய நைட்ரேட்டில் உப்புக்கரைசலை ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு வரும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மேலும் ஊற்றினால் அந்த வீழ்படிவே கரைந்துவிடும். குளோரைடு சற்று இருந்தால் படியவைக்கும், மிகுதியாக இருந்தால் கரைத்துவைக்கும்.

உலோகம் வந்தது எங்கிருந்து? தனியாக ஒரு களஞ்சியம் தேவையில்லை. வழியில் உள்ள சாதாரணப் பாறையே போதும். ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் சிறிதளவு காரீயம் உட்கார்ந்திருக்கும். கருப்பு மைக்காவிலும் மேக்னடைட்டிலும் இரும்புக்குப் பதிலாகச் சிறிது துத்தநாகம் இருக்கும். செம்பு எரிமலைப் பாறைகளில் கூடுதல். சூடான உப்புநீர் பல கன கிலோமீட்டர் பாறைக்குள் ஊறி ஊடுருவும்போது இவற்றையெல்லாம் கழுவி எடுத்துக்கொள்கிறது. ஒரு டன் பாறையில் சில கிராம்தான் தேறும். ஆனால் நீருக்கு அவசரமில்லை.

இந்தச் சுமையை ஒரே இடத்தில் இறக்கிவைப்பது எது என்பதே அடுத்த கேள்வி. உங்கள் ஆய்வகத்தில் காரீய அயோடைடை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் பொன் மழை பெய்வதுபோல் படிகம் இறங்குமே, சூடு குறைவதால் மட்டும் நடப்பது அப்படித்தான். பூமியில் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. கரைசல் கடல்நீரோடு கலந்து நீர்த்துப்போகலாம். சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு அமிலத்தன்மையை இழக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வழியில் ஹைட்ரஜன் சல்பைடைச் சந்திப்பது. கந்தகத்தின்மேல் நாட்டமுள்ள உலோகங்கள் எவையோ அவை அத்தனையும் அங்கே சேர்ந்து படிந்துவிடுகின்றன. காரீயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி ஆகியவை ஒரே இடத்தில் கிடப்பதற்கு இதுவே காரணம். அவற்றைக் கொண்டுவந்த கரைசலும் ஒன்று, படியவைத்த கந்தகமும் ஒன்று. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. செம்பு கரைந்திருக்க அதிகச் சூடு வேண்டும், ஆகையால் அது முதலில் படியும். காரீயமும் துத்தநாகமும் இன்னும் குளிர்ந்த பகுதிவரை பயணம் போகும். கடலடி எரிமலைகளை ஒட்டி உருவான படிவுகளில் அடியில் செம்பும் மேலே துத்தநாகமும் காரீயமுமாக அடுக்கு அமைவது அதனால்தான்.

இதெல்லாம் வெறும் ஊகம் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். 1979இல் ஆல்வின் என்ற நீர்மூழ்கி, மெக்சிகோவுக்கு மேற்கே கடலடியில் கரும்புகை கக்கும் குழாய்களை நேரில் கண்டது. வெளியே வந்த நீரின் சூடு 350 டிகிரிக்கு மேல். அளக்கக் கொண்டுபோன கருவியின் பிளாஸ்டிக் பகுதி உருகிவிட்டது. புகைபோலத் தெரிந்தது குளிர்ந்த கடல்நீரைத் தொட்ட கணத்தில் பிறக்கும் நுண்ணிய சல்பைடுத் துகள்கள். தாது படிவதை மனிதன் கண்ணால் பார்த்த நிகழ்ச்சி அது. இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. செங்கடலின் அடியிலும் அட்லான்டிஸ் 2 என்ற பள்ளத்தில் உலோகம் நிறைந்த சூடான உப்புநீர் தேங்கி நிற்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு மெருகேற்றிய தாதுத் துண்டை நுண்ணோக்கியில் காட்டுங்கள். ஒளி மேலிருந்து விழுந்து திரும்பும் வகை நுண்ணோக்கி வேண்டும். கலீனா, அதாவது காரீய சல்பைடு, பளீரென்று வெண்மையாக இருக்கும், அதன் முகத்தில் முக்கோணக் குழிகள் வரிசையாகத் தெரியும். மெருகேற்றும்போது கனசதுரமாகப் பிளந்து பெயர்ந்த தடங்கள் அவை. வேறு எந்தத் தாதுவிலும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. துத்தநாக சல்பைடான ஸ்பாலரைட் மங்கிய சாம்பல் நிறம். அதற்குள்ளே பித்தளை நிறத்தில் செம்புத் தாதுவான சால்கோபைரைட் பொட்டுப்பொட்டாகத் தெளித்திருக்கும். காரீயம், துத்தநாகம், செம்பு மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டால் பாடப்புத்தக வரிக்கு உயிர் வந்துவிடும்.

இனி வயது. கார்பன் 14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனாலும் தாது உலகில் அதற்கு ஓர் இடம் உண்டு. ராஜஸ்தானின் பழைய சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரங்களைக் கார்பன் முறையில் அளந்தபோது, 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தோண்டியிருக்கிறார்கள் என்பது உறுதியானது. ஜாவரில் துத்தநாகம் வடித்த மண்குடுவைகளை அடுக்கியே வீட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவர்களின் ஓரமாகத்தான் நான் வேலைக்கு நடந்து போவேன். அங்கே கார்பன் சொல்வது மனிதன் தோண்டிய காலத்தை. தாது படிந்த காலத்தைக் கலீனாவிடம்தான் கேட்க வேண்டும்.

காரீயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு ஐசோடோப்புகள் உண்டு. 206உம் 207உம் யுரேனியம் சிதைந்து பிறப்பவை, 208 தோரியத்திலிருந்து பிறப்பது. 204 மட்டும் எதிலிருந்தும் பிறப்பதில்லை, ஆதியில் இருந்த அளவே இன்றும். ஆகவே பூமியின் பாறைகளில் 206க்கும் 204க்கும் உள்ள விகிதம் காலம் போகப்போகக் கூடிக்கொண்டே வருகிறது. ஆதி விகிதம் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லில் இருக்கிறது: சுமார் 9.3. அந்த அளவையும் வைத்துத்தான் 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்தார். இன்றைய சராசரி சுமார் 18.7.

கலீனாவுக்குள் யுரேனியம் ஏறக்குறைய நுழைவதே இல்லை. கரைசலிலிருந்து அது படிகமாகும் கணத்தில் விகிதம் எவ்வளவோ, அதுவே என்றென்றைக்கும் நிலைத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் கலீனாவில் அது சுமார் 16.0. 9.3இலிருந்து 18.7 வரை ஏறும் பாதையில் 16.0 எந்தக் காலத்தில் வரும் என்று கணக்கிட்டால் படிந்த காலம் தெரிந்துவிடும். ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா, ராஜ்புரா தரீபா சுரங்கங்களுக்குச் சுமார் 180 கோடி ஆண்டு என்று கிடைத்தது இந்த வழியில்தான். முருகன் அருளால் என் மேசைமேல் இன்றும் ஒரு ஜாவர் கலீனா இருக்கிறது. கையில் எடுத்தால் அதன் கனம் யாரையும் ஒரு நொடி திகைக்கவைக்கும்.

திருமங்கலம் பொறியாளர்

ஐயா, அருமையான விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். ஒரே சுரங்கத்துக்கு ஒருவர் 169 கோடி ஆண்டு என்கிறார், இன்னொருவர் 160 கோடி என்கிறார், மூன்றாமவர் 50 கோடி என்கிறார். நான் கட்டடக்காரன். ஒரே தூணை மூன்று பேர் அளந்து மூன்று நீளம் சொன்னால் அளவுகோலைத்தான் சந்தேகப்படுவேன். இந்த முறைகளையே நம்பலாமா?

நாகமலை வாசி

தம்பி, நீங்கள் சொன்ன எண்கள் புரோக்கன் ஹில்லுக்கு அப்படியே பொருந்துகின்றன, அதை வைத்தே சொல்கிறேன். அங்கே மூன்று பேரும் அளந்தது ஒரே தூணை அல்ல. 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணை ஊழியர் தற்செயலாகக் கண்டுபிடித்த படிவு அது. தாதுவைச் சுற்றியுள்ள அடுக்குகள் பழைய எரிமலைப் பொருளும் வண்டலும் கலந்தவை. அவற்றில் உள்ள சிர்க்கான் (யுரேனியத்தை உள்ளே வைத்திருக்கும் நுண்ணிய கனிமம்) சுமார் 169 கோடி என்கிறது, அது அடுக்குகள் படிந்த காலம். சுமார் 160 கோடி ஆண்டுக்கு முன் முழுப் பகுதியும் ஆழத்துக்குப் போய் வெந்து உருமாறியது. அப்போது புதிதாக வளர்ந்த கனிமங்கள் அந்தக் காலத்தைச் சொல்கின்றன. சுமார் 50 கோடி ஆண்டுக்கு முன் மறுபடி ஒருமுறை சூடேறியது. கருப்பு மைக்காவுக்குள் பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கான் வாயு 300 டிகிரியைத் தாண்டினாலே தப்பிப்போய்விடும், அதனால் மைக்காவின் கடிகாரம் அப்போது பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. மூன்றும் சரியான எண்கள். வயது எவ்வளவு என்று மட்டும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எந்தக் கனிமத்தில், எந்த நிகழ்ச்சியின் வயது என்று கேட்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மைக்காவின் வயதைத் தாதுவின் வயதாக அச்சிட்ட அறிக்கைகளை என் கையாலேயே புரட்டியிருக்கிறேன்.

கலீனாவுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. சல்பைடுகளிலேயே மிக மென்மையானவற்றில் ஒன்று அது. பாறை மடிந்து நெரிபடும்போது கலீனா பிதுங்கி ஓடி மடிப்பின் முனைகளிலும் விரிசல்களிலும் போய்த் தங்கிவிடும். இடம் மாறினாலும் அதன் விகிதம் மாறாது, ஏனெனில் உள்ளே யுரேனியம் இல்லை. வேறு காரீயம் வந்து கலந்தால்தான் கெடும்.

நம்பக்கூடாத இடமும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சராசரிப் பூமியிலிருந்து காரீயம் வந்தது என்ற அனுமானத்தில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்லின் என்ற ஊரின் கலீனாவை அந்தக் கணக்கில் போட்டால், அது இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்று விடை வரும்! யுரேனியம் மிகுந்த பழைய பாறைகளிலிருந்து அங்கே காரீயம் வந்திருக்கிறது, அதனால் 206 அளவுக்கு மீறி ஏறிக்கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வயதுக் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, காரீயம் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாதுவின் வயதை நேரடியாகவே சொல்லும் கனிமம் மாலிப்டினைட், அதாவது மாலிப்டினம் சல்பைடு. ரீனியம் 187, ஆஸ்மியம் 187ஆக மாறுகிறது, அரை ஆயுள் சுமார் 4,160 கோடி ஆண்டு. மாலிப்டினைட் வளரும்போது ரீனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஆஸ்மியத்தைச் சேர்க்காது. ஆகவே உள்ளே இருக்கும் ஆஸ்மியம் அநேகமாக எல்லாம் பிற்பாடு பிறந்தது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்தில் இந்த முறை சுமார் 249 கோடி ஆண்டு என்று சொன்னது. அங்குள்ள கிரானைட்டின் சிர்க்கானும் ஏறக்குறைய அதே காலத்தைத்தான் காட்டுகிறது. இரண்டு வெவ்வேறு கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டும்போதுதான் எனக்கு நிம்மதி.

உசிலம்பட்டி ஆய்வு மாணவி

ஐயா சொன்னதோடு நம் ஊர்ப் பாறையைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். புவியியலில் மதுரைக் கட்டம் என்று ஒரு பகுதி உண்டு. வடக்கே பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சிப் பட்டையிலிருந்து (நிலத்துண்டுகள் உராய்ந்து நகர்ந்த பட்டை) தெற்கே அச்சன்கோவில் பட்டை வரை பரவியது. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தின் நிலங்கள் மோதிச் சேர்ந்த சமயத்தில், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், இங்குள்ள பாறைகள் நிலத்தடியில் மிக ஆழத்தில் வெந்தன. பெரியகுளம் பக்கம் கெங்குவார்பட்டியில் கிடைக்கும், சஃபிரின் என்ற கனிமம் உள்ள பாறை 1000 டிகிரியை ஒட்டிய சூட்டைக் காட்டுகிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் அந்தச் சிறிய ஊரைத் தேடி வருகிறார்கள்.

பாறையை இடித்துச் சலித்து, கன திரவத்தில் மூழ்கும் பகுதியைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் சிர்க்கான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். பிசினில் பதித்துப் பாதியளவு தேய்த்து, எலக்ட்ரான் கற்றையை மேலே பாய்ச்சினால் படிகத்துக்குள் வளையங்கள் ஒளிரும். உருமாறிய வண்டல் பாறைகளின் சிர்க்கான்களில் நடுக்கரு 200 கோடி ஆண்டைத் தாண்டுவதுண்டு, விளிம்பு 55 கோடியை ஒட்டி நிற்கும். மயிரிழை அகலமே உள்ள ஒரு மணிக்குள் இரண்டு காலம். வயதை அளக்கச் சுடும் லேசர்ப் புள்ளியை இரண்டுக்கும் நடுவே தவறி வைத்தால் எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தாத ஒரு கலப்பு எண் வரும். ஆகவே படம் எடுக்காமல் லேசர் சுட்ட வயதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டின் பல்லுலோகத் தாது என்றால் எல்லோரும் சொல்வது பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரைத்தான். துத்தநாகம், காரீயம், செம்பு மூன்றும் மிகுந்த சூட்டில் உருமாறிய கிரானுலைட் பாறைக்குள் அங்கே இருக்கின்றன. அது காவிரிப் பட்டைக்கு வடக்கே இருப்பதால், மதுரையின் 55 கோடிக் கதையை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டக்கூடாது.

மேலூர் வேதியியல் டீச்சர்

மிக்க நன்றி ஐயா, நன்றி தங்கை. அணைவுச் சேர்மப் பாடத்தை இந்த ஆண்டு காரீய குளோரைடு சோதனையோடுதான் தொடங்கப்போகிறேன். கடைசியாக ஒன்று: டங்ஸ்டனும் இதே கந்தக வழியில் வந்ததுதானா? பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தானே.

நாகமலை வாசி

இல்லை டீச்சர், அது வேறு குடும்பம். டங்ஸ்டனுக்குக் கந்தகத்தின்மேல் நாட்டமில்லை, ஆக்சிஜனோடுதான் சேரும். கிரானைட் குழம்பு உறைந்து முடியும் தறுவாயில், எந்தக் கனிமத்திலும் இடம் கிடைக்காத டங்ஸ்டன் எஞ்சிய சூடான நீரில் சேர்ந்துகொள்கிறது. அந்த நீர் கால்சியம் உள்ள பாறையைத் தொட்டால் கால்சியம் டங்ஸ்டேட்டாகப் படியும், அதுதான் ஷீலைட். அதனால் ஷீலைட்டைத் தேடுகிறவர்கள் சுண்ணாம்புச் சத்துள்ள உருமாறிய பாறைகளை விடமாட்டார்கள். ஷீலைட் அருமண் தனிமங்களை ஏற்றுக்கொள்வதால், சமேரியம் நியோடிமியமாகச் சிதைவதை அளந்து அதன் வயதை நேரடியாகவே காணலாம். அருகிலுள்ள கிரானைட்டின் சிர்க்கான் வயதோடு அதை ஒப்பிட வேண்டும்.

ஷீலைட்டை இருட்டறையில் குறுஅலைப் புறஊதா விளக்கின் கீழே பிடித்தால் வெளிர்நீலமாக ஒளிரும். உள்ளே மாலிப்டினம் இருந்தால் மஞ்சளுக்கு மாறும். ஏதேனும் கல்லூரியின் புவியியல் துறையில் கேட்டால் மாதிரியும் விளக்கும் காட்டுவார்கள். அரிட்டாபட்டி மலை பல்லுயிர் பாரம்பரியத் தலம், அங்கிருந்து ஒரு சில்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விளக்கை யாரும் நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கால்சைட்டும் சில சமயம் ஒளிரும், அதை வைத்து ஏமாறாமல் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். கால்சைட் நுரைக்கும், ஷீலைட் நுரைக்காது. இரண்டையும் சம அளவில் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாலே கனத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரியும்.